ஐரின் நர்சம்மாவும் மணல்வாரியும்

ஐரினுக்குக் கோபம் சட்டென்று வரும். அதை அவர் மறைத்ததும் இல்லை. கருத்தாண்டிபட்டிக்குக் கிராம சுகாதார செவிலியராக அவர் வந்து சேர்ந்தது 1991இல். செம்பட்டியிலிருந்து ஆத்தூர் அணைப் பக்கம் பிரிகிற சாலையில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கிறது அந்த ஊர். துணை சுகாதார நிலையத்தில் முன்பக்கம் ஊசி போடுகிற அறை, பின்பக்கம் அவருடைய குடியிருப்பு. மழை பெய்தால் இரண்டும் சேர்ந்து ஒழுகும். கூரையைப் பற்றி அவர் சொல்லாத அதிகாரி இல்லை. வந்து பார்க்காத அதிகாரியும் இல்லை. எல்லோரும் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

கணவர் ரொனால்டு திண்டுக்கல்லில் பள்ளி ஆசிரியர். சனிக்கிழமை டவுனுக்குப் போய், ஞாயிறு சர்ச்சில் பூசை கண்டு, திங்கள் காலை பஸ்ஸில் ஐரின் திரும்பிவிடுவார். இரும்புச்சத்து மாத்திரையை வாங்கிக்கொண்டு போய்ப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைக்கிற கர்ப்பிணிகளை வீடு தேடிப் போய்த் திட்டுவார். அந்தத் திட்டை வாங்கியவர்களே வலி கண்டதும் முதலில் அவரைத்தான் கூப்பிட்டு அனுப்பினார்கள். பதினைந்து வருஷம் இப்படியே போனது. 2006இல் மணல்வாரி வந்தது.

மணல்வாரி என்றால் தட்டம்மை. மணலை வாரி இறைத்ததுபோல் உடம்பெல்லாம் தடித்துக்கொள்வதால் அந்தப் பெயர். பொங்கல் முடிந்து பத்து நாள் கழித்து, ஊசி போடுகிற ஒரு புதன்கிழமை, மூக்கையாவின் மனைவி ஒச்சம்மா தன் ஒன்றரை வயது மகள் காவியாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒன்பதாவது மாதமே போட்டிருக்க வேண்டிய அம்மைத் தடுப்பூசி அது. இத்தனை நாள் எங்கே போனாய் என்று ஐரின் கேட்டார். பிள்ளைக்குச் சளி, அப்புறம் மாமியாருக்குப் பிடிக்கவில்லை, அப்புறம் களையெடுப்பு என்று ஒச்சம்மா இழுத்தாள். திட்டிக்கொண்டே ஐரின் ஊசியைப் போட்டார். அன்றைக்கு அதே ஊசி போட்டுக்கொண்டது காவியாவோடு சேர்த்து மூன்று பிள்ளைகள்.

அடுத்த வாரம் கழிந்து காவியாவுக்குக் காய்ச்சல் வந்தது. கண் சிவந்து, உடம்பெல்லாம் தடித்தது. அதே நாட்களில் பள்ளிக்கூடத்திலும் பிள்ளைகள் வரிசையாகப் படுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் எந்த ஊசியும் போடாதவர்கள். ஆனால் ஊர் கணக்குப் பார்த்தது வேறு மாதிரி. புதன்கிழமை ஊசி, அப்புறம் அம்மை. ஊசியால் வந்த அம்மை என்று டீக்கடையில் முடிவாகிவிட்டது.

இதில் ஐரினை எரிச்சலூட்டிய விஷயம், அந்தப் பேச்சை அப்படியே பொய் என்றும் தள்ள முடியாது என்பதுதான். அம்மைத் தடுப்பூசி என்பதே வலுவிழக்கச் செய்த அம்மை வைரஸ்தான். நூறு பிள்ளைகளுக்குப் போட்டால் சிலருக்கு ஒரு வாரம், பத்து நாளில் லேசான காய்ச்சலும் தடிப்பும் வரும், தானே போய்விடும். காவியாவுக்கு வந்தது அதுவா, ஊருக்குள் பரவுகிற நிஜ அம்மையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

ஐரின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் சொன்னார். மூன்றாம் நாள் ஒரு காரில் டாக்டர் நியாஸ் வந்து இறங்கினார். மாவட்டத்தில் எங்கே அம்மை பரவினாலும் போய்ப் பார்த்து, மாதிரி எடுத்து அனுப்புவது அவர் வேலை. திண்டுக்கல்லில் தோல் வியாபாரம் செய்கிற குடும்பத்துப் பையன். முப்பது வயது இருக்கும். வந்ததும் வராததுமாக, பிள்ளைகளின் ரத்தமும் சிறுநீரும் வேண்டும் என்றார்.

"அம்மை போட்ட வீட்டுக்குள்ள என்னையவே விடமாட்டாக சார். இதுல ஊசி வச்சு ரத்தம் எடுக்கணும், மூத்திரம் புடிக்கணும்னா, நீங்களே போய்க் கேளுங்க" என்றார் ஐரின்.

நியாஸ் போய்க் கேட்டார். வேப்பிலை செருகிய வாசல்கள் ஒவ்வொன்றிலும் நின்று, பொறுமையாகக் கேட்டார். ஆத்தா இறங்கியிருக்கிற உடம்பில் ஊசி குத்தினால் கண் போய்விடும் என்று ஒருவர் சொன்னார். மூத்திரத்தை வைத்து என்ன மருந்து செய்யப் போகிறீர்கள் என்று இன்னொருவர் கேட்டார். கடைசியில் இரண்டு வீட்டில் சம்மதித்தார்கள். அந்த மாதிரிகள் சென்னைக்குப் போய்ச் சேர்ந்த நேரம் விடுமுறை. வாங்கி வைக்க ஆள் இல்லாமல் பெட்டி வெளியிலேயே கிடந்தது. ஐஸ் உருகி எல்லாம் வீணாகிவிட்டது. மறுபடியும் எடுங்கள் என்று தகவல் வந்தபோது ஐரின் அந்த டெலிபோனை வைத்த வேகத்தில் மேஜையிலிருந்த டம்ளர் கீழே விழுந்தது.

மறுபடியும் கேட்கப் போனபோது இடம் கொடுத்தது ஒச்சம்மா ஒருத்திதான். மாமியார் தோட்டத்துக்குப் போயிருந்த நேரம் அது. சிறுநீர் பிடித்து, தொண்டையில் பஞ்சு வைத்து எடுக்கும்போது காவியா அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள். ஐரின் வைட்டமின் ஏ சொட்டு மருந்தைப் புகட்டிவிட்டு, மூச்சு இழுக்கிறது, இன்றைக்கே திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்று சொன்னார். மூன்று தடவை சொன்னார். அம்மை வீட்டுப் பிள்ளையை வாசல் தாண்ட விட முடியாது, தலைக்குத் தண்ணி ஊற்றின பிறகு பார்க்கலாம் என்று மூக்கையா சொல்லிவிட்டான்.

இந்தத் தடவை ஐரின் மாதிரிப் பெட்டியை யாரையும் நம்பி விடவில்லை. நியாஸின் கார் வேறு ஊருக்குப் போயிருந்தது. சென்னைக்கு அனுப்புவதற்காக, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திண்டுக்கல்லுக்குத் தானே பஸ் ஏறினார். செம்பட்டி நிறுத்தத்தில் கூட்டம் ஏறியது. பெட்டியைக் கீழே வையுங்கள், ஆள் உட்காரட்டும் என்று கண்டக்டர் நச்சரித்தார். உள்ளே அப்படி என்ன இருக்கிறது என்றும் கேட்டார். மூத்திரம் என்று ஐரின் பஸ்ஸுக்கே கேட்கும்படி சொன்னார். அதற்குப் பிறகு திண்டுக்கல் வரைக்கும் அவருக்குப் பக்கத்து இருக்கையும் சேர்ந்து கிடைத்தது.

அந்த வாரக் கடைசியில் காவியா இறந்துபோனாள். மூச்சுத் திணறல் முற்றிய பிறகுதான் வேன் பிடித்தார்கள். ஆஸ்பத்திரியில் நிமோனியா என்றார்கள். ஊரில் ஊசி என்றார்கள்.

துணை சுகாதார நிலையத்தின் முன்னால் கூடிய கூட்டத்தில் அதிகம் பேசியவர் சுருளிவேல். செம்பட்டிக்கும் நிலக்கோட்டைக்கும் பூ ஏற்றிப் போகிற வியாபாரி. நாலு பேர் அவர் பேச்சைக் கேட்பார்கள். கெட்டுப்போன மருந்தை நர்சம்மா போட்டுவிட்டார், அதை மறைக்கத்தான் மூத்திரமும் ரத்தமும் எடுத்துக்கொண்டு ஓடினார் என்று அவர் சொன்னார். மறுநாள் செம்பட்டி சாலையில் மறியல். பஸ்கள் நின்றன. சமாதானம் பேச வந்த அதிகாரி, செவிலியர் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று சொல்லிக் கூட்டத்தைக் கலைத்தார். ஐரினிடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மெமோ மட்டும் வந்தது.

மருந்து கெடவில்லை என்பது ஐரினுக்குத் தெரியும். ஐஸ் பெட்டி, கலக்கின நேரம், மிச்சத்தைக் கொட்டினது எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனாலும் பாத்திரம் கழுவும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, அந்தப் புதன்கிழமையை முதலிலிருந்து நினைத்துப் பார்ப்பார். சரியாகத்தான் செய்திருக்கிறோம் என்று முடிப்பார். மறுநாள் மறுபடியும் ஆரம்பிப்பார். தன் மேலேயே அவருக்கு எரிச்சல் வந்தது. இடமாற்றம் கேட்டு வாங்கிக்கொள் என்று ரொனால்டு சொன்னார். போனால் ஓடிப் போனாள் என்பார்கள், நான் போகமாட்டேன் என்று ஐரின் அவர் மேல் விழுந்தார்.

புதன்கிழமைகளில் ஐஸ் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு தனியே உட்கார்ந்திருப்பார். ஒருவரும் வரமாட்டார்கள். போலியோ சொட்டு மருந்துக்குக்கூட வாசலைச் சாத்தினார்கள். நியாஸுக்குப் போன் செய்து முடிவு வந்ததா என்று கேட்பார். முதலில் வைரஸை வளர்க்க வேண்டும், அது வளர்ந்தால்தான் மேலே அனுப்ப முடியும் என்பார் அவர். அடுத்த மாதம் கேட்டால், வளர்ந்துவிட்டது, பெரிய ஆய்வகத்துக்குப் போயிருக்கிறது என்பார். அப்புறம் கோடையில் சிக்குன்குனியா வந்தது. மாவட்டமே முட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தது. ஆய்வகங்களில் எங்கே பார்த்தாலும் சிக்குன்குனியா ரத்தம். நம்முடையது வரிசையில் நிற்கிறது என்றார் நியாஸ். செத்துப்போன பிள்ளைக்கு வரிசை என்ன வரிசை என்று ஐரின் கேட்டார்.

முடிவு வந்தது செப்டம்பரில். நியாஸே நேரில் வந்தார். அவருக்கும் சிக்குன்குனியா வந்து போயிருந்தது. காரிலிருந்து கிழவர் மாதிரி இறங்கினார். உள்ளே வந்து உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்.

"ஊசி இல்ல சிஸ்டர்."

நியாஸ் விளக்கினார். ஒவ்வொரு வைரஸுக்குள்ளும் ஒரு மரபணு எழுத்து வரிசை இருக்கிறது. தடுப்பூசியில் இருக்கும் வைரஸின் வரிசை ஒன்று. அது ஏ வகை. காவியாவின் தொண்டையிலும் சிறுநீரிலும் இருந்தது டி-8 என்கிற வேறு வகை. அது ஊசி மருந்தில் இருக்கவே முடியாது. வெளியிலிருந்து வந்த அம்மை. ஊசி போட்ட அன்றைக்கு முன்பே பிள்ளை உடம்பில் அது புகுந்திருக்க வேண்டும். ஊசிக்கு வேலை செய்ய அவகாசம் கிடைக்கவில்லை.

ஐரினுக்குச் சந்தோஷம் வரவில்லை. ஏழு மாதமா சார் என்று மட்டும் கேட்டார்.

நியாஸ் இன்னொன்றும் சொன்னார். வத்தலக்குண்டு ரோட்டில் ஒரு நூல் மில்லின் விடுதியில், ஜனவரியில், இளம்பெண்களுக்குக் காய்ச்சலும் தடிப்பும் வந்திருக்கிறது. மில்லில் அதை வெளியே சொல்லவில்லை. அங்கே வேலை பார்த்த ஒரு பெண் மதுரைக்குப் போய் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததால், அவளிடமிருந்து மாதிரி எடுத்திருந்தார்கள். அந்த வைரஸும் காவியாவின் வைரஸும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. இந்த ஊரிலிருந்து யாராவது அந்த மில்லுக்குப் போகிறார்களா என்று கேட்டார்.

ஐரினுக்கு உடனே நினைவு வந்தது. ஒருத்தி போய்க்கொண்டிருந்தாள். சுருளிவேலின் மகள் பாண்டீஸ்வரி, பதினேழு வயது. பொங்கலுக்கு லீவில் வந்தவள் காய்ச்சலோடு வந்தாள். சூட்டுக் கொப்புளம் என்று வீட்டில் இளநீர் கொடுத்துப் படுக்க வைத்திருந்தார்கள். ஐரின் மாத்திரை கொடுக்கப் போனபோது சுருளிவேல் வாசலிலேயே வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார். அந்த வீட்டுக்கு அடுத்த வீடு மூக்கையாவுடையது. காவியா தவழ்ந்து பழகியதே அந்த இரண்டு வாசல்களுக்கு நடுவில்தான்.

சாலையை மறித்த சுருளிவேல், கையை நீட்டி நீட்டிப் பேசிய சுருளிவேல். ஐரின் நடந்ததை நியாஸிடம் மறைக்காமல் சொன்னார். நியாஸ் எழுதிக்கொள்ளவில்லை.

"பேரு எனக்கு வேணாம் சிஸ்டர். எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சா போதும். மில்லுல இருக்கிற பிள்ளைகளுக்கு ஊசி போடணும், அதான் வேலை. ஊர்ல என்ன சொல்றதுன்னு நீங்க சொல்லுங்க."

என்ன சொல்வது என்று ஐரினுக்கு அப்போது தெரியவில்லை. சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தது.

மறுநாள் காலை ரேஷன் கடை முன்னால் ஆட்களைக் கூட்டினார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார்கள். சுருளிவேலுக்கும் முட்டி வீங்கியிருந்தது. ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். நியாஸ் மரபணு வரிசையைப் பற்றிச் சொன்னார். ஏ வகை, டி வகை என்றார். ஜனங்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முட்டி வலிக்கு எதுவும் ஊசி வந்திருக்கிறதா என்று கேட்டார். ஐரின் பொறுக்கமாட்டாமல் எழுந்தார்.

"வாழப்பழத்துல சிறுமலைப் பழம் எது, பச்சைப் பழம் எதுன்னு கண்ணக் கட்டிட்டு உரிச்சுக் குடுத்தாலும் சொல்லுவீகள்ல? அந்த மாதிரிதான். ஊசியில இருக்கிறது ஒரு சாதி அம்மை. புள்ள ஒடம்புல இருந்தது வேற சாதி அம்மை. அத நானும் பாக்கல, சாரும் பாக்கல. நம்ம யாரையும் தெரியாத ஆளுக, எங்கிட்டோ உக்காந்து பாத்துச் சொல்லியிருக்காக. ஊசியால சாகல. அம்புட்டுத்தான்."

சுருளிவேல் கம்பை ஊன்றி முன்னால் வந்தார்.

"சரி நர்சம்மா. ஊசி இல்லேன்னா, அப்ப யாரு கொண்டாந்தது? அதையும் மிஷின் சொல்லியிருக்கும்ல? சொல்லுங்க."

நியாஸ் ஐரினைப் பார்த்தார். ஐரின் சுருளிவேலைப் பார்த்தார். அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை என்பது அந்த முகத்தில் தெரிந்தது. கூட்டத்தின் ஓரத்தில், தண்ணீர்க் குழாய்ப் பக்கம், பாண்டீஸ்வரி குடத்தோடு நின்றாள். மில்லில் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள் என்று இரண்டு மாதமாக வீட்டில் இருக்கிறாள். பேர் சொன்னால் இந்த ஊர் என்ன செய்யும் என்று ஐரினுக்கு நன்றாகத் தெரியும். ஏழு மாதம் அதை அனுபவித்தவர் அவர்தான்.

"யாரு கொண்டாந்தா என்னண்ணே?" என்றார். அவர் குரல் எரிச்சலோடுதான் வந்தது. "காத்துல வாரது. பஸ்ஸுல வந்திருக்கும், சந்தையில வந்திருக்கும். கொண்டாந்தவங்களுக்கே தெரியாது. ஆளத் தேடுறத விட்டுட்டு புள்ளைகளக் கூட்டியாங்க. ஊசி போட்டிருந்தா எவன் கொண்டாந்தாலும் நம்ம புள்ளைகளுக்கு ஒட்டாது."

சுருளிவேல் திருப்தியில்லாமல் தலையை ஆட்டிக்கொண்டே போனார். ஒரு மன்னிப்பு, ஒரு தப்பு நடந்துபோச்சு, எதுவும் இல்லை. கூட்டம் கலைந்தது.

ஐரின் நிலையத்துக்குத் திரும்பிக் கதவைத் திறந்தபோது, பின்னாலேயே ஒச்சம்மா வந்து நின்றாள். கூட்டத்தில் அவளை அவர் பார்க்கவில்லை. ஏழு மாதமாகவே அவளைச் சரியாகப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மெலிந்து போயிருந்தாள்.

"அங்கன சொன்னது நெசமா நர்சம்மா?"

நிஜம்தான் என்றார் ஐரின்.

"நான் ஊசிக்குத் தூக்கிட்டு வந்ததுனால சாகல?"

"இல்ல."

"தொண்டையில பஞ்சு வச்சு எடுக்க விட்டேனே, அதுனாலயும் இல்ல?"

"அதுனால இல்ல ஒச்சம்மா. நீ எடுக்க விட்டதுனாலதான் இன்னைக்கு இது தெரிஞ்சிருக்கு."

ஒச்சம்மா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். எடுக்கச் சொன்னபோது பிள்ளையைக் கொடுத்தவள் நீதான் என்று மாமியார் தினமும் சொல்கிறாள். மூக்கையா பேசுவதே இல்லை. சோற்றை வைத்தால் எடுத்துக்கொண்டு போய்த் தோட்டத்தில் தின்கிறான். இதையெல்லாம் அவள் அழாமல் சொன்னாள். தான் மெமோவையும் மறியலையும் நினைத்து நினைத்துக் குமைந்துகொண்டிருந்த அந்த மாதங்களில், இந்தப் பெண் ஒரு வீட்டுக்குள் தனியாக இதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஐரினுக்கு வந்த கோபம் யார் மேல் என்று அவருக்கே புரியவில்லை. ஒச்சம்மாவைக் கையைப் பிடித்து எழுப்பி, வா என்று சொல்லி, அவளோடு நேராக அவள் வீட்டுக்குப் போனார்.

மூக்கையா வாசலில் கயிற்றுக் கட்டிலில் இருந்தான். ஐரின் உட்காரவில்லை.

"இந்தப் புள்ள ஒன்னும் தப்பு செய்யல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொன்னப்ப போயிருந்தா பொழச்சிருக்கும்னு நான் சொல்ல மாட்டேன், அது எனக்கும் தெரியாது. ஆனா இவ மேல இனி ஒரு வார்த்தை விழக்கூடாது."

உள்ளேயிருந்து மாமியார் எதையோ முனகினார். மூக்கையா தலையைக் குனிந்தபடி இருந்தான். ஐரின் திரும்பி நடந்தபோது அவனுடைய அழுகைச் சத்தம் கேட்டது. அவர் நிற்கவில்லை.

இரண்டு நாள் கழித்து பாண்டீஸ்வரி வந்தாள். தலைவலிக்கு மாத்திரை வேண்டும் என்றாள். வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றாள். விடுதியில் தன்னோடு படுத்திருந்த பெண்ணைத்தான் மதுரைக்குக் கொண்டு போனார்கள் என்றாள். ஐரின் மாத்திரை டப்பாவை மூடினார்.

"உனக்கு ஒருத்தி குடுத்தா. அவளுக்கு எவளோ குடுத்தா. பொழுது விடிஞ்சு பொழுது போனா நீங்க மூச்சு விடுறது ஒரே அறையில. அதுல உன் தப்பு எங்க இருக்கு? போய் வேலையப் பாரு. உன் சின்னத் தம்பிக்கு ஊசி பாக்கி, புதன்கிழமை தூக்கிட்டு வா. உங்கப்பன் கத்துனா நான் சொன்னேன்னு சொல்லு."

மில்லில் ஊசி போட நியாஸோடு ஐரினும் போனார். முதல் தடவை காவலாளி கேட்டைத் திறக்கவில்லை. இரண்டாம் தடவை மேனேஜர் இல்லை என்றார்கள். மூன்றாம் தடவை, ஷிப்ட் பாதிக்கப்படும், ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்றார்கள். ஞாயிறு பூசையை விட்டுவிட்டுப் போய் முந்நூறுக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ஊசி போட்டார்கள். ஊசிக்குப் பயந்து ஓடியவர்களைப் பிடித்து வந்து திட்டிக்கொண்டே போட்டார் ஐரின்.

மெமோவை ரத்து செய்யும்படி அவர் விண்ணப்பம் கொடுத்தார். மெமோவின் நகலை இணைக்கவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். நகலை இணைத்து அனுப்பினார். ஆய்வறிக்கையின் மூலப்பிரதி வேண்டும் என்றார்கள். மூலப்பிரதி சென்னையில் இருந்தது. அதற்குள் அதிகாரி மாறிவிட்டார். புதிதாக வந்தவருக்கு அம்மையும் தெரியாது, மறியலும் தெரியாது. 2009இல் ஐரின் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகும்வரை அது ரத்தாகவில்லை. அந்தப் புதிய அதிகாரியும் கூரையை மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்.

ரேஷன் கடைக் கூட்டத்துக்கு அடுத்த புதன்கிழமை நாலு பேர்தான் வந்தார்கள். நாலு பேருக்காக இவ்வளவு பாடா என்று ஐரின் அலுத்துக்கொண்டார். அதற்கடுத்த மாதம் பதினோரு பேர் வந்தார்கள். சுருளிவேல் வரவில்லை, ஆனால் பாண்டீஸ்வரி தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். வரிசையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டதைப் பார்த்து, ஐஸ் பெட்டியை மூடிவிட்டு ஐரின் எழுந்து வெளியே வந்தார். சத்தம் போடாமல் ஒழுங்காக நிற்கிறவர்களுக்குத்தான் ஊசி, மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்றார்.